வயிற்றில் பிறக்கும் தலைவலி: சின்சே சொன்னது சரிதானா?

ஜொகூர் வாசகர் ஒருவரின் கேள்வி
7 ஜனவரி 2024

இரண்டு வருடமாகத் தலைவலி. நெற்றியையும் புருவத்தையும் பிடித்துக்கொள்ளும், கூடவே குமட்டும். நண்பர் வற்புறுத்தி ஒரு சின்சேயிடம், அதாவது சீனப் பாரம்பரிய மருத்துவரிடம், அழைத்துப்போனார். அவர் தலையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நாக்கை நீட்டச் சொன்னார், இரண்டு கையிலும் நாடி பார்த்தார், மலம் ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டார். பிறகு "தலையில் ஒன்றுமில்லை, வயிறுதான்" என்று சொல்லி முழங்காலுக்குக் கீழே ஊசி குத்திவிட்டார். தலைவலிக்குக் காலில் ஊசியா? ஏமாற்று வேலை என்கிறாள் என் மனைவி. யாருக்காவது அனுபவம் உண்டா?

7 ஜனவரி, இரவு

ஏமாற்று என்று அதற்குள் முடிவு கட்டாதீர்கள். இதே கேள்வியோடு நானும் சிங்கப்பூரில் ஒரு சின்சே முன்னால் போய் உட்கார்ந்தேன். எனக்கு 44 வயது. கப்பல் சரக்கு நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. மாதக் கடைசி வந்தால் மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு, சில நாள் அதுவும் கிடையாது. தலைவலி 15 வருடப் பழக்கம். போன ஆண்டு அலுவலகச் சீனத் தோழி ஒருத்தி, நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக் கிடந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், தன் அம்மா போகும் சின்சேயிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே நான் முதலில் கற்றுக்கொண்டது இதுதான்: அவர்களுக்குத் தலைவலி என்பது ஒரே நோய் அல்ல. எங்கே வலிக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. நெற்றியும் புருவமும் என்றால் யாங்மிங், இரைப்பையின் தடம் (தடம் என்பது உடம்பில் உயிராற்றல் ஓடுவதாக அவர்கள் சொல்லும் வழி). நெற்றிப்பொட்டும் பக்கவாட்டும் என்றால் ஷாவ்யாங், பித்தப்பையின் தடம். பிடரி என்றால் தாய்யாங், அது சிறுநீர்ப்பை. உச்சந்தலை என்றால் ஜுவெயின், கல்லீரல். நெற்றி வலியும் குமட்டலும் என்று நீங்கள் சொன்னதுமே அவருடைய பார்வை வயிற்றுக்குப் போயிருக்கும்.

காலில் குத்திய இடம் பெரும்பாலும் ஜூசான்லி. முழங்கால் சிப்பிக்குக் கீழே நாலு விரல் அகலம், கணைக்கால் எலும்பிலிருந்து வெளிப்பக்கமாக ஒரு விரல் தள்ளி. வயிற்றுக்கு அவர்கள் முதலில் தேடும் இடம் அது. இரைப்பையின் தடம் காலிலிருந்து கிளம்பி வயிறு, மார்பு வழியாக நெற்றிக்கு ஏறுகிறது, அதனால்தான் அடியிலேயே பிடிக்கிறார்கள்.

எனக்குப் பலன் கிடைத்தது. மனைவியிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

8 ஜனவரி, காலை

நேற்று இரவு எழுதியதில் ஒரு தவறு. இரைப்பைத் தடம் காலிலிருந்து ஏறுவதில்லை. கண்ணுக்குக் கீழே தொடங்கி, ஒரு கிளை நெற்றி ஓரம் வரை போய், மற்றது கழுத்து, மார்பு, வயிறு வழியாக இறங்கிக் கால் இரண்டாம் விரலில் முடிகிறது. அதில் ஊசி குத்தும் புள்ளிகள் 45.

திசை மாறினால் மொத்தக் கருத்தும் மாறிவிடுகிறது என்பதால் இதைத் திருத்துகிறேன். இரைப்பையின் வேலை இறக்குவது. இறங்க வேண்டியது ஏறினால் ஏப்பம், குமட்டல், வாந்தி, அப்புறம் தலைவலி. காலில் ஊசி போடுவது மேலே ஏறியதைக் கீழே இழுக்கத்தான்.

11 ஜனவரி

"வயிறு என்கிறீர்கள், என் சின்சே மண்ணீரல் என்றாரே" என்று கேட்ட தம்பிக்கு.

அவர்கள் சொல்லும் 'பி' என்பதை மண்ணீரல் என்றுதான் மொழிபெயர்க்கிறார்கள். ஆனால் அறுவை மருத்துவர் காட்டும் மண்ணீரலை நினைத்துக்கொண்டு கேட்டால் ஒன்றும் புரியாது. அது ஓர் உறுப்பு என்பதைவிட ஒரு வேலையின் பெயர். வயிறு என்னும் பானையில் வெந்த சோற்றின் சாரத்தை எடுத்து மேலே அனுப்புவது 'பி'. சக்கையைக் கீழே தள்ளுவது இரைப்பை. ஒன்று ஏற்றுகிறது, மற்றது இறக்குகிறது. 'பி' ஈரத்துக்கு அஞ்சும், இரைப்பை வறட்சிக்கு அஞ்சும். ஐந்து பூதக் கணக்கில் அவர்கள் 'பி'யை மண்ணில் சேர்க்கிறார்கள். நம் சொல்லிலும் முன்னால் மண் நிற்பதைக் கண்டபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. தற்செயல்தான், ஆனால் நினைவில் வைக்க உதவுகிறது.

இந்த அடுப்பு, அதாவது 'பி', மந்தமானால் சாரம் மேலே போகாது. பாதி வெந்த கஞ்சி தேங்கிக் கெட்டியாகிக் கபமாகும். அந்தக் கபம் மேலே போய்த் தலையை அடைக்கும். அந்த வலி குத்தாது, துடிக்காது. ஈரத் துணியைத் தலையில் இறுக்கிச் சுற்றியது மாதிரி கனக்கும். இந்த ஈரத்துணி உவமையைச் சின்சே சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. 15 வருடமாக நான் மருத்துவர்களிடம் விளக்க முடியாமல் திணறியது அது.

நாக்கைப் பற்றி ஒன்று. முதல் தடவை என் நாக்கைப் பார்த்துவிட்டு அவர் தலையை ஆட்டினார். "காலையில் வழித்தீர்களா?" வழித்தேன், பிறந்ததிலிருந்து தினமும் வழிக்கிறேன் என்றேன். அடுத்த முறை வரும் அன்று மட்டும் வழிக்க வேண்டாம், கோப்பியும் குடிக்க வேண்டாம், மஞ்சள் போட்ட சாப்பாடும் வேண்டாம் என்றார். அப்படியே போனேன். சின்னக் கண்ணாடியைக் கையில் கொடுத்து என்னையே பார்க்கச் சொன்னார். ஓரமெல்லாம் பல் பதிந்த தடம், பிட்டு அச்சில் அழுத்திய மாதிரி வரிசையாக. நடுவில் வெள்ளையாக, புளித்த தோசை மாவு படிந்து காய்ந்தது போல் ஒரு படலம். ஓரத்துப் பல் தடம் 'பி' தளர்ந்ததற்கு அடையாளம், தடித்த படலம் ஈரத்துக்கும் கபத்துக்கும் அடையாளம் என்றார். என் நாக்கை நான் அவ்வளவு நேரம் பார்த்தது அன்றுதான்.

11 ஜனவரி, பின்னிரவு

மறந்துவிட்டேன். இது ஏதோ ஒரு சின்சேயின் சொந்தக் கற்பனை அல்ல. இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான ஹுவாங்தி நெய்ஜிங் என்ற சீன மருத்துவ நூலின் சூ வென் பகுதியில் ஒரு வரி இருக்கிறது: தலைவலியும் காது இரைச்சலும் ஒன்பது வாசல்களின் அடைப்பும் குடலிலும் இரைப்பையிலும் பிறக்கின்றன என்று. ஒன்பது வாசல் உடம்பு என்பது நமக்குப் புதிய பேச்சா என்ன?

15 ஜனவரி

பொங்கல். இரண்டு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல், நெய் மிதக்க. நாலு மணிக்கு நெற்றியில் ஆரம்பித்தது. தலைவலி நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன்: இனிப்பு, நெய், யாங்மிங்.

26 ஜனவரி

தைப்பூசத்துக்கு விரதம் இருந்தேன். நேற்று முழுக்க ஒரு வலி, ஆனால் இது வேறு சாதி. கனமே இல்லை. தலை முழுக்க வெற்றிடமாக, பஞ்சடைத்தது போல். இரவு சாப்பிட்டதும் அரை மணி நேரத்தில் போயே போய்விட்டது.

சின்சேயிடம் கேட்டபோது அவர் தெளிவாகச் சொன்னார்: நிரம்பியதால் வரும் வலி ஒன்று, காலியாக இருப்பதால் வரும் வலி இன்னொன்று. அமுக்கினால் இதமாக இருந்தால், ஓய்வெடுத்தால் குறைந்தால், அது காலி. அமுக்கினால் எரிச்சல் வந்தால், சாப்பிட்டதும் ஏறினால், அது நிரம்பல். இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுத்தால் கெடுதிதான். நிரம்பிய வலிக்குச் சத்து ஏற்றினால் அடைப்பு கூடும், காலி வலிக்குப் பேதி கொடுத்தால் இன்னும் வறளும். வயிறுதான் காரணம் என்று நான் 7ஆம் தேதி ஒரே வரியில் முடித்தது போதாது. என்ன செய்த வயிறு என்று கேட்க வேண்டும்.

3 பிப்ரவரி

பலர் மருந்தின் பெயர் கேட்கிறீர்கள். சொல்கிறேன், ஆனால் யாரும் இதைப் பார்த்துக் கடையில் வாங்கிக் குடிக்காதீர்கள்.

எனக்குக் கொடுத்தது பான்ஸியா பாய்ஜு தியான்மா கஷாயம். 1732இல் செங் குவோபெங் என்ற மருத்துவர் தம் நூலில் எழுதிய வடிவம். கபத் தலைவலிக்கும் தலைசுற்றலுக்கும் உரியது. பான்ஸியா ஒரு கிழங்கு, கபத்தைக் கரைத்து ஏறியதை இறக்கும். தியான்மாவும் கிழங்குதான், இலையும் பச்சையமும் இல்லாத ஓர் ஆர்க்கிட் செடியினுடையது. மண்ணுக்கடியில் ஒரு காளானை நம்பியே வளர்கிறது. ஃபூலிங் என்பது பைன் மர வேரில் வளரும் காளான், ஈரத்தை வடிக்கும். இவற்றோடு பாய்ஜு வேர், ஆரஞ்சு வகைப் பழத்தின் காய்ந்த தோல், அதிமதுரம், இஞ்சி, சிவப்பு இலந்தை.

என் தோழியின் அம்மா மண்சட்டியில் இரண்டு முறை காய்ச்சி இறக்குவாராம். எனக்குச் சின்சே கொடுத்தது தூள், சின்னப் பொட்டலங்களில். வெந்நீரில் கரைத்தால் மழைக்கு முந்திய மண் வாசனை. முதல் வாயில் இஞ்சிக் காரம், தொண்டையில் இறங்கும்போது தோலின் கசப்பு. குடித்த பிறகு வாய்க்கு ஷாந்த்சா வில்லை, அந்த ரோஸ் நிற வட்ட மிட்டாய். அது ஹாவ்தார்ன் பழத்தில் செய்தது. அந்தப் பழமும் செரிமான மருந்துதான், கொழுப்பும் இறைச்சியும் மிஞ்சிய வயிற்றுக்குக் கொடுப்பார்கள்.

ஏன் கடையில் வாங்க வேண்டாம் என்கிறேன்? பச்சைப் பான்ஸியா நஞ்சு. நாக்கும் தொண்டையும் மரத்துப்போய் வீங்கும். இஞ்சியும் படிகாரமும் சேர்த்துப் பதப்படுத்திய பிறகுதான் மருந்து. எனக்கே பழைய அனுபவம் உண்டு. பல வருடம் முன்னால் ஒரு கடையில், பெயர் எழுதாத உறையில் கறுப்பு உருண்டைகள் கொடுத்தார்கள். என்ன இருக்கிறது என்று கேட்டதற்குப் பாட்டன் காலத்து மருந்து என்று மட்டும் பதில். ஒரு வாரம் சாப்பிட்டு, படபடப்பு வந்து, குப்பையில் போட்டேன். 1990களில் பெல்ஜியத்தில் இளைக்க வந்த பெண்களுக்கு ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனச் செடி கலந்த மருந்து போய், பலருக்குச் சிறுநீரகமே செயலிழந்தது. சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு சீன மருத்துவர்கள் பதிவு செய்திருக்க வேண்டும், அந்தப் பட்டியலை யாரும் பார்க்கலாம். பார்த்துவிட்டுப் போங்கள்.

4 பிப்ரவரி

பினாங்கு அக்கா கேட்டது: உச்சந்தலையில் வலி, வாயில் எச்சில் நுரையாக ஊறுகிறது, வெறும் ஓங்கரிப்பு, குளிரில் அதிகமாகிறது. அது என்ன?

அக்கா, இதே அறிகுறிகள் சுமார் 1800 ஆண்டு முன்னால் ஜாங் ஜோங்ஜிங் என்ற சீன மருத்துவர் எழுதிய நூலில் ஒரே வரியில் இருக்கின்றன. ஓங்கரிப்பு, நுரை எச்சில், தலைவலி: வூஜுயூ கஷாயம். குளிர்ந்த வயிற்றுக்கு உரியது. ஜப்பானிலும் இதே மருந்தைக் கோஷுயுதோ என்ற பெயரில் இன்றைக்கும் மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். உங்கள் சின்சேயிடம் அறிகுறிகளை இப்படியே, இதே வரிசையில் சொல்லுங்கள். மருந்தை அவர் முடிவு செய்யட்டும்.

12 பிப்ரவரி

சீனப் புத்தாண்டு, சின்சே கடை மூடியிருக்கிறது. தோழி வீட்டு விருந்து. அங்கே போனால் அஜினமோட்டோ தலைவலி வரும் என்று இங்கே ஒருவர் எச்சரித்திருந்தார்.

இந்தக் கதைக்கு வயது 55 கூட ஆகியிருக்கும். 1968இல் அமெரிக்காவில் ராபர்ட் ஹோ மான் குவோக் என்ற மருத்துவர் ஒரு மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார்: சீன உணவகத்தில் சாப்பிட்டால் பிடரி மரத்துப்போகிறது, படபடக்கிறது என்று. சோயா சாஸாக இருக்கலாம், சமையல் ஒயினாக இருக்கலாம், உப்பாக இருக்கலாம், மோனோசோடியம் குளூட்டமேட்டாக, அதாவது அஜினமோட்டோவாக, இருக்கலாம் என்று பலவற்றைச் சொன்னார். உலகம் கடைசியைப் பிடித்துக்கொண்டது. யாருக்கு எது கொடுத்தோம் என்று இருபக்கமும் தெரியாமல் நடத்திய சோதனைகளில் வழக்கமான அளவுக்கு ஒரே மாதிரியான விளைவு கிடைக்கவில்லை. அந்தக் குளூட்டமேட்டை 1908இல் கண்டுபிடித்ததோ ஜப்பானியர் கிகுனே இகெடா, கடற்பாசிச் சாற்றிலிருந்து. ஒரு நாட்டின் சமையல் முழுவதற்கும் இப்படி ஒரு பழி விழுந்தது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

விருந்தில் நன்றாகச் சாப்பிட்டேன். தலை வலிக்கவில்லை. ஒரு மணிக்கே சாப்பிட்டதும் காரணமாக இருக்கலாம்.

17 பிப்ரவரி, அவசரம்

ஈப்போ தம்பி, உங்கள் அம்மாவைப் பற்றி எழுதியதை இப்போதுதான் பார்த்தேன். வயது 62. இதற்கு முன் தலைவலியே கிடையாது. மூன்று வாரமாக நெற்றிப்பொட்டில் வலி, சீப்பு பட்டாலே வலிக்கிறது, மெல்லும்போது தாடை வலிப்பதால் சரியாகச் சாப்பிடுவதில்லை, அதனால் வயிறு கெட்டுத்தான் வலிக்கிறதோ என்று கேட்டிருக்கிறீர்கள். வயிற்றை விடுங்கள். சின்சேயும் வேண்டாம், கஷாயமும் வேண்டாம். இன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். 50 வயதுக்கு மேல் புதிதாக வரும் பொட்டு வலியும் தாடை வலியும் சேர்ந்தால் இரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். தாமதித்தால் பார்வை போய்விடும். போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

மற்றவர்களுக்கும்: இடி விழுந்தது போல் திடீரென்று உச்சத்துக்குப் போகும் வலி, கை கால் ஒரு பக்கம் தளர்வது, பேச்சுக் குழறுவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது. இவற்றுக்கு நாக்குப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை.

20 பிப்ரவரி

ஈப்போ தம்பி எழுதிவிட்டார். இரத்தப் பரிசோதனை முடிந்து ஸ்டீராய்டு ஆரம்பித்தாகிவிட்டது, அம்மாவுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. இரண்டு நாளாக எனக்குத் தூக்கமே இல்லை, இன்று தூங்குவேன்.

2 மார்ச்

இந்த இழையில் நான் எழுதியவற்றில் பெரிய திருத்தம் இது. தயவு செய்து 7 ஜனவரிக் குறிப்பைப் படித்தவர்கள் இதையும் படியுங்கள்.

நேற்று பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) வேறு விஷயமாகப் போயிருந்தேன். தலைவலி பேச்சு வந்தது, என் நாட்குறிப்பைக் காட்டினேன். சாப்பாடு, வலித்த இடம், நாக்கு எல்லாம் எழுதியிருப்பதைப் பார்த்து மருத்துவர் பாராட்டினார். அப்புறம் ஓரத்தில் நான் 'மா' என்று குறித்திருந்ததைக் காட்டி, இது என்ன என்றார். மாத்திரை என்றேன். எண்ணத் தொடங்கினார். பிப்ரவரியில் 29 நாள், அதில் 17 நாள் மாத்திரை. காஃபின் சேர்ந்த பாராசிட்டமால்.

காஃபினோ கோடீனோ சேர்ந்த வலி மாத்திரையை மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ, தொடர்ந்து மூன்று மாதத்துக்கு மேல் எடுத்தால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்குமாம். தனிப் பாராசிட்டமால் என்றால் 15 நாள். காலையில் எழும்போதே கனத்துக் கிடக்கும் என் தலைக்கு ஒரு பெரிய காரணம் என் கைப்பையிலேயே இருந்திருக்கிறது.

மனதை உறுத்துவது இன்னொன்று. முதல் நாளே சின்சே என்னிடம் கேட்டார்: "வேறு மருந்து ஏதாவது?" நான், "எப்போதாவது ஒன்று" என்றேன். கடையில் யாரும் வாங்கக்கூடிய மாத்திரை எனக்கு மருந்தாகவே தோன்றவில்லை. அவர் நாக்கையும் நாடியையும் வைத்துக் கணக்குப் போட்டார், நான் கொடுத்த கணக்கே தப்பு.

இப்போது மாத்திரை நிறுத்தம். முதல் பத்து நாள் வரை கூடுதலாக வலிக்கும் என்று எச்சரித்திருக்கிறார். மூலிகைத் தூளின் உறையைக் காட்டினேன், எல்லாப் பெயரையும் குறித்துக்கொண்டு, இதையும் கொஞ்ச நாள் நிறுத்துங்கள், எது என்ன செய்கிறது என்று பார்ப்போம் என்றார்.

3 மார்ச்

வலி கடுமை. எழுத முடியவில்லை. ஒன்றே ஒன்று. மருத்துவர் சொன்னார்: ஒற்றைத் தலைவலி தொடங்கும்போதே இரைப்பை மந்தமாகிவிடும், அதனால் விழுங்கிய மாத்திரைகூட மெதுவாகத்தான் உடம்பில் சேரும். அப்படியானால் வயிற்றால் தலை வலித்ததா, தலைவலி வயிற்றைப் பிடித்ததா?

9 மார்ச்

இன்று பரவாயில்லை. 3ஆம் தேதிக் கேள்வியை யோசித்துக்கொண்டே இருந்தேன். ஒற்றைத் தலைவலி வருவதற்குச் சில மணி நேரம் முன்னாலேயே, சிலருக்கு ஒரு நாள் முன்னாலேயே, உடம்பு முன்னறிவிப்புத் தரும்: கொட்டாவி, எரிச்சல், கழுத்துப் பிடிப்பு, இனிப்பின் மேல் தீராத ஆசை. பொங்கலன்று இரண்டு கிண்ணம் சாப்பிட்டதால் வலி வந்தது என்று எழுதினேன் அல்லவா? நாட்குறிப்பைத் திரும்பப் பார்த்தேன். அன்று காலையிலேயே 'கொட்டாவி, கழுத்து' என்று எழுதியிருக்கிறேன். வலி அப்போதே புறப்பட்டுவிட்டது. இரண்டாவது கிண்ணத்தைக் கேட்டதே அதுதானோ?

சின்சே தவறு என்று இதற்கு அர்த்தமில்லை. வயிறும் தலையும் ஒரே கயிற்றின் இரண்டு நுனி என்று அவர்கள் கண்டது சரி. கயிற்றை எந்தப் பக்கம் இழுத்தாலும் மறுபக்கம் அசையும். நான்தான் ஒரு பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு பேசினேன்.

13 மார்ச்

நோன்பு தொடங்கிவிட்டது. எங்கள் அலுவலக மலாய் அக்கா ஒரு வாரம் முன்பிருந்தே கோப்பியைக் குறைத்துக்கொண்டு வந்தார். முதல் இரண்டு நாள் தலைவலி பசியால் மட்டும் வருவதில்லையாம், கோப்பி இல்லாததால் வருவது. காஃபின் நின்று 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போகும். எவ்வளவு சரியாகக் கணக்குப் பார்த்திருக்கிறார்! தைப்பூச விரதத்தில் நானும் கோப்பி குடிக்கவில்லை. 'காலி வலி' என்று எழுதினேனே, அதில் பாதி இதுவாகவும் இருக்கலாம். இரவுச் சாப்பாட்டோடு ஒரு கோப்பி-சி குடித்தது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

30 மார்ச்

ஒரு பழைய நோயாளியின் கதையைக் கேட்டுவிட்டு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

என் கதையைக் கேட்ட தோழி, அவளுடைய அப்பா வைத்திருந்த ஒரு புத்தகத்தை எடுத்து வந்து வரி வரியாகச் சொன்னாள். லி தொங்யுவான் என்ற சீன மருத்துவர் 1249இல் முடித்த பி வெய் லுன், அதாவது மண்ணீரலும் இரைப்பையும் பற்றிய நூல். அதில் ஒரு நோயாளி, ஃபான் தியான்லாய் என்பவரின் மனைவி. முன்பே வயிற்றுக் கோளாறு உள்ளவர், மலச்சிக்கல், நெஞ்சில் இறுக்கம். முன்பனிக்காலத்தில் ஒருநாள் வெளியே போய்விட்டு நேரம் கழித்துத் திரும்பியவருக்கு நோய் கூடியது. வேறொரு மருத்துவர் சூடு என்று நினைத்துப் பேதி மாத்திரை கொடுத்தார். மலம் போனது, நோய் போகவில்லை. மாத்திரை போதவில்லை என்று இன்னும் எழுபது எண்பது கொடுத்தார். அதற்குப் பிறகுதான் எல்லாம்: சாப்பிட்டது தங்காமல் வாந்தி, நிற்காமல் வரும் ஒட்டும் கபம், கண் இருட்டு, கண்ணைத் திறக்கவே பயம், காற்றுக்கும் மேகத்துக்கும் நடுவில் மிதப்பது போல். தலை பிளப்பது போல் வலி. உடம்பு மலையாகக் கனம், கை கால் சில்லிட்டு.

லி தொங்யுவான் சொன்னது: இரைப்பை முன்பே அடிபட்டிருந்தது, இரண்டு முறை பேதியாக்கி அதை மேலும் காலியாக்கிவிட்டார்கள், அதனால் வந்தது இந்தக் கபத் தலைவலி. அவர் அமைத்த மருந்துதான் முதல் பான்ஸியா பாய்ஜு தியான்மா கஷாயம். 3 பிப்ரவரியில் 1732ஆம் வருடத்து வடிவத்தைச் சொன்னேன். அதே பெயரில் இது அதற்கு ஏறக்குறைய 500 ஆண்டு மூத்தது.

மருந்து போதவில்லை என்று இன்னும் எழுபது எண்பது. என் கைப்பையை நினைத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணுக்குத் தலைவலி முதலில் இல்லவே இல்லை. சிகிச்சையால் வந்தது. அவளைக் கேட்டு, என்ன கொடுத்தார்கள், எத்தனை கொடுத்தார்கள், அதற்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று வரிசையாக எழுதி வைத்த ஒருவர் இருந்தார். அதுதான் அவளைப் பிழைக்க வைத்தது என்று நினைக்கிறேன், மூலிகையைவிட.

இந்த மனிதர் ஏன் வயிற்றையே பிடித்துக்கொண்டார் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 1232இல் மங்கோலியர் கைஃபெங் நகரத்தை முற்றுகையிட்டபோது அவர் அதைப் பார்த்தவர். முற்றுகை விலகிய பிறகும் மூன்று மாதம் பிணங்கள் வெளியே போய்க்கொண்டே இருந்தன. நகரத்துக்குப் பன்னிரண்டு வாசல், வாசலுக்கு ஒரு நாளைக்கு ஆயிரத்துக்குக் குறையாமல் என்று எழுதியிருக்கிறார். மற்றவர்கள் குளிர் தாக்கிய காய்ச்சல் என்று வியர்வையும் பேதியும் கொடுத்தார்கள். இவர், பசியிலும் பயத்திலும் அலைச்சலிலும் வயிறு தேய்ந்தவர்கள் இவர்கள், இவர்களிடமிருந்து இன்னும் எடுக்காதீர்கள், கொடுங்கள் என்றார்.

6 ஏப்ரல்

ஊசியால் பலன் என்பது மனப்பிரமையா என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 2016இல் வெளியிட்ட தொகுப்பு, ஒற்றைத் தலைவலி பற்றிய 22 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது, 4985 பேர். தலைவலி நாட்கள் பாதியாகக் குறைந்தவர்கள்: ஊசி போட்டவர்களில் 100க்கு 41, போடாதவர்களில் 17. ஆனால் பொய் ஊசியோடு ஒப்பிட்டபோது, உண்மை ஊசியில் 100க்கு 50, பொய் ஊசியில் 100க்கு 41. வித்தியாசம் சின்னது, ஆனால் இருக்கிறது. எந்தப் புள்ளியில் குத்துகிறோம் என்பதைவிட, இருபது நிமிடம் அமைதியாகப் படுத்திருப்பதும் ஒருவர் நம்மை விசாரிப்பதும் பெரிய பங்கு வகிக்கின்றனவோ என்று எனக்குத் தோன்றுகிறது. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

21 ஏப்ரல்

ஜொகூர் நண்பர் இந்த இழையைத் தொடங்கி மூன்றரை மாதம் ஆகிறது. அவர் எழுதியிருந்தார்: மனைவி சொன்னபடி கண் பரிசோதனைக்குப் போனாராம், கண்ணாடி எண் மாறியிருந்ததாம். புதுக் கண்ணாடி போட்டபின் பாதி வலி போச்சு, மீதிக்குச் சின்சே. மனைவியிடம் தைரியமாகச் சொல்லுங்கள் என்று நான் எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், அவர் சொன்னதைக் கேட்டது நல்லதாயிற்று.

என் கணக்கு: இந்த மாதம் இதுவரை நாலு நாள் வலி, இரண்டு நாள் மாத்திரை. மதியச் சாப்பாடு பன்னிரண்டரைக்கு, யார் என்ன கேட்டாலும் எழுந்து போய்விடுகிறேன். ஐஸ் மைலோவுக்குப் பதில் தே ஹாலியா, இஞ்சித் தேநீர். நாலில் மூன்று நாள் வலி நெற்றியில் இல்லை, பிடரியில். எட்டு மணி நேரம் கணினி முன்னால் கழுத்தை நீட்டிக்கொண்டிருப்பது காரணமாக இருக்கலாம். தாய்யாங் என்பார் சின்சே.

நாளை காலை பத்து மணிக்கு அவரைப் பார்க்கிறேன், இரண்டு மாதத்துக்குப் பிறகு. நாக்கு வழிக்கக் கூடாது, கோப்பி கூடாது. ஜனவரியிலிருந்து எந்தெந்த நாள் எத்தனை மாத்திரை என்று ஒரு தாளில் தனியாக எழுதி, தோழியிடம் கொடுத்துச் சீனத்தில் தலைப்பு எழுதி வாங்கியிருக்கிறேன். உட்கார்ந்ததும் கையை நீட்டுவதற்கு முன்னால் அந்தத் தாளைக் கொடுத்துவிட வேண்டும்.